சிரித்துக் கொல்லும் மலையில் சில கோமாளிகள்

(கொல்லிமலை செம்மேட்டில் நடைபெற்ற நம் ஒன்றுகூடலின் முதல் நாள் இரவு ஆற்றிய உரை. மலருக்காக ஆங்காங்கே திருத்தியிருக்கிறேன்.)

பெருமதிப்பிற்குரிய பேராசிரியப் பெருமக்களே, முன்னாள் மாணவர் சங்க நிர்வாகிகளே, என்னோடு நான்கு வருடம் ஒரே பெஞ்சைத் தேய்த்த நண்பர்களே, அவர்களையெல்லாம் பொறுத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கும் குடும்பத்தாரே, குழந்தைச் செல்வங்களே!

நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்கு நேரே "நகைச்சுவை உரை" என்று அச்சடித்திருக்கிறார்கள். அது விழாக் குழுவின் தவறு, என்னுடையது இல்லை. ஹாஸ்டலில் எனக்குப் பெயரே "பபூன்"தான். ஆட்டோகிராப் நோட்டில்கூடப் பாதிப் பேர் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பழைய கணக்கை வைத்துக்கொண்டு, "நீ ஏறினாலே சிரிப்பாங்கப்பா, ஒரு இருபது நிமிஷம் பேசு" என்று செயலாளர் போனில் சொன்னார். இப்போது நான் பாக்டரி ஷெட்டுகளுக்குக் கட்டமைப்பு டிசைன் செய்கிற ஆள். அந்த வேலையில் யாராவது சிரித்தால் எங்கேயோ கணக்குத் தப்பு என்று அர்த்தம். ஆகவே சிரிக்க வைப்பதாக நான் வாக்குக் கொடுக்கவில்லை. பபூனைப் பற்றியே பேசுகிறேன் என்று சொல்லித்தான் ஒப்புக்கொண்டேன்.

காலையில் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்தோம். பாதிப் பேருக்கு முப்பதாவது வளைவிலேயே காலைச் சிற்றுண்டி நினைவுக்கு வந்துவிட்டது. இது வல்வில் ஓரி ஆண்ட மலை, அறப்பளீஸ்வரர் இருக்கிற மலை, ஆகாய கங்கை விழுகிற மலை என்று பஸ்ஸில் எல்லோரும் சொன்னார்கள். இன்னொன்றும் உண்டு. இது கொல்லிப்பாவையின் மலை. நற்றிணையிலும் குறுந்தொகையிலும் இந்தப் பாவையின் அழகைச் சொல்லியிருக்கிறார்கள். வழிவழியாக வரும் கதை அதற்கு மேலே போகிறது: அந்தப் பாவை சிரிக்கும், சிரிப்பில் மயங்கிக் கிட்டே போனவன் உயிரோடு திரும்ப மாட்டான். இங்குள்ள எட்டுக்கை அம்மன்தான் அந்தப் பாவை என்று சொல்வாரும் உண்டு. சிரிப்பு ஆளைக் கொல்லும் என்று ஒரு மலையே கதை சொல்லிக்கொண்டிருக்க, அந்த மலையில் வைத்து என்னை நகைச்சுவை உரை ஆற்றச் சொல்கிறார்கள்!

எனக்கு ஊர் இந்த மலையடிவாரம், சேந்தமங்கலம் பக்கம். சின்ன வயதில் மாரியம்மன் நோன்பு என்றால் ராத்திரி முழுக்கக் கூத்து. சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு பார்ப்போம். ராஜா வரும்போது தூங்கிவிடுவேன், கோமாளி வரும்போது அம்மா எழுப்பிவிடுவார். ஆர்க்காட்டு, காஞ்சிபுரம் பக்கத்துக் கூத்தில் இவருக்குக் கட்டியங்காரன் என்று பெயர். கட்டியம் என்றால் அரசன் வருகையைப் புகழ் பாடி அறிவிப்பது. அந்த மரியாதையான உத்தியோகத்தை வைத்துக்கொண்டு இந்த ஆள் செய்கிற வேலையைப் பாருங்கள். இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். திரைக்குப் பின்னே துரியோதன மகாராஜா கிரீடமும் புஜகட்டையும் கட்டி, கால் சலங்கை அதிரப் பாடிக்கொண்டு நிற்பார். திரைக்கு இந்தப் பக்கம் நம்ம ஆள், பழைய சட்டையோடு, "யாருய்யா அது, ராத்திரி நேரத்துல இப்படிக் கத்தறது?" என்பார். அண்டமும் நடுங்குகிற ராஜா, தான் யார், தன் அப்பா யார், தன் ஊர் எது என்று இந்த ஆளிடம் பதில் சொல்லித்தான் சபைக்குள் வர வேண்டும். ராஜா விருத்தத்தில் சொன்னதை, கோமாளி நம் ஊர்ப் பேச்சில் திருப்பிச் சொல்வார். அதில் ரேஷன் கடை வரும், பஞ்சாயத்துத் தலைவர் வருவார், ஆழ்குழாய்க் கிணறு போட்டுத் தண்ணீர் வராத கதையும் வரும்.

இந்த ஆள் வியாசர் எழுதிய பாரதத்தில் இல்லை. ஆனால் இவர் இல்லாமல் கூத்து நகராது. வாயில்காப்போன், தூதுவன், மந்திரி, சில நேரம் கிழவி, எல்லாம் இவரே. கதைக்குள்ளேயும் நிற்பார், கதைக்கு வெளியே நம்மோடும் நிற்பார்.

நம் தொழில் பாஷையில் சொல்கிறேன், அக்கா, அண்ணி எல்லாரும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டடத்தில் நாம் முதலில் பார்ப்பது, சுமை எந்த வழியாக எங்கே போய் இறங்குகிறது என்பதுதான். தளத்தின் பாரம் உத்தரத்துக்கு, உத்தரத்தின் பாரம் தூணுக்கு, தூணிலிருந்து அஸ்திவாரத்துக்கு, அங்கிருந்து மண்ணுக்கு. எல்லாப் பாரமும் எங்கோ ஓரிடத்தில் இறங்கியே தீரும். சிரிப்பும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கட்டியங்காரனிடம் சிரிப்பின் பாரம் மேலே இருக்கிறவன் தலையில் இறங்குகிறது. துரியோதனன் தாங்குவான். அவனுக்கு நூறு பேர் பலம், கிரீடம், சிம்மாசனம். மிச்சப் பாரத்தைக் கோமாளி தன் தலையிலேயே இறக்கிக்கொள்வார்.

இன்னொன்று சொல்ல வேண்டும். துகில் உரியும் இரவில், துச்சாதனன் வேஷக்காரர் அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் சேலையைத் தொடுவார். நான் பார்த்த அந்த இரவில், அதுவரை வாய் ஓயாத கோமாளி ஒரு ஓரமாகப் போய் நின்றுவிட்டார். யாரும் அவரைப் போகச் சொன்னதாகத் தெரியவில்லை. அன்றைக்கு எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இப்போதுதான் அவர் நின்ற இடம் புரிகிறது.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் போனால் ஆள் வேறு. அங்கே ஸ்பெஷல் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி போன்றவை. கம்பெனி கிடையாது. ஒவ்வொரு நடிகரையும் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் அன்று ராத்திரி மேடையில்தான் சந்தித்துக்கொள்வதும் உண்டு. ஒத்திகை இல்லாமல் விடிய விடிய நாடகம் ஓடும். கதை தொடங்குவதற்கு முன் வருகிறவர்தான் பபூன், என் பட்டப்பெயரின் சொந்தக்காரர். கட்டியங்காரனுக்குக் கேட்க ஒரு ராஜா இருக்கிறார். பபூனுக்கு அந்த நேரத்தில் யாரும் இல்லை. ஹார்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் எதிரே ஆயிரம் ஜனமும்தான். அரை மணி, முக்கால் மணி நேரம் தனியாளாகச் சபையைப் பிடிக்க வேண்டும். அப்புறம் டான்ஸ் ஆடும் அம்மாள் வந்து சேர்ந்துகொள்வார், இருவருக்கும் தர்க்கம் நடக்கும். பபூன் சொல்கிற கதையில் அடி வாங்குகிறவன், ஏமாறுகிறவன், பெண்ணிடம் செருப்படி படுகிறவன் எல்லாம் பெரும்பாலும் அவரேதான். தன் மானத்தைத் தானே ஏலம் விட்டுச் சபையைக் கட்டுகிறார். பச்சையாகப் பேசுகிறார் என்று குறை சொல்வார்கள், உண்மைதான். அந்த அம்மாள் மேல் அவர் வீசுகிற பேச்சில் சில எனக்கும் பிடிக்காது. ஆனால் மைக் முன்னால் தனியாக நின்று பார்த்தால்தான் அந்தப் பிழைப்பின் கஷ்டம் தெரியும். இப்போது எனக்குத் தெரிகிறது!

கேரளத்துக் கூடியாட்டத்தில் விதூஷகன். யுனெஸ்கோ 2001-ல் சிறப்புச் செய்த கலை அது. சமஸ்கிருத நாடகத்து விதூஷகன் அரசனின் தோழன், சாப்பாட்டுப் பிரியன், சாதியில் அந்தணன், ஆனால் சமஸ்கிருதம் பேச மாட்டான், பிராகிருதம்தான். கூடியாட்டத்தில் அவன் மலையாளத்தில் இறங்கிவிடுவான். அறம் பொருள் இன்பம் வீடு என்ற நான்குக்கும் பதிலாக கேளிக்கை, ஏமாற்று, சாப்பாடு, ராஜசேவை என்று நான்கு புருஷார்த்தங்களைக் கண்டுபிடித்து நாள்கணக்கில் விளக்குவான். சாக்கியார் கூத்திலும் இதே உரிமைதான். சாக்கியார் சபையில் யாரை வேண்டுமானாலும், முன்வரிசையில் அரசன் இருந்தால் அவனையும்கூடக் கிண்டல் செய்யலாம். குறுக்கிட்டுப் பதில் பேசக்கூடாது என்பது மரபு. இது கட்டியங்காரனிடமிருந்து வேறுபடுகிற இடம். கட்டியங்காரன் சிரிப்பை ஒரு வேஷத்தின் மேல் வீசுகிறான், துரியோதனன் என்ற பெயரில். சாக்கியாரோ நிஜ ஆள் மேலேயே வீசுகிறார். ஆகவே அவருக்குக் கோயில் வேண்டும், சடங்கு வேண்டும், தலைக்கட்டு வேண்டும். அவ்வளவு காப்பு இல்லாமல் அந்தக் கத்தியை யார் கையிலும் கொடுக்கவில்லை.

அப்படிக் கொடுத்தும் ஒருநாள் பட்டுவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் அம்பலப்புழைக் கோயிலில், சாக்கியார் கூத்துக்கு மிழாவு வாசித்த குஞ்சன் நம்பியார் நடுவில் கண் அயர்ந்துவிட்டாராம். சாக்கியார் சபையிலேயே வைத்து அவரைப் பரிகாசம் செய்துவிட்டார். நம்பியார் ஒன்றும் பேசவில்லை. மறுநாளே கூத்து நடக்கிற இடத்துக்கு அருகில் புதிதாக ஓர் ஆட்டத்தைத் தொடங்க, சாக்கியாரின் சபை முழுவதும் எழுந்து இந்தப் பக்கம் வந்துவிட்டதாம். அதுதான் துள்ளல் கலை பிறந்த கதை என்று மலையாளிகள் சொல்வார்கள். நம்பியார் மேதை, அவருக்குப் பதில் சொல்ல ஒரு கலை கிடைத்தது. எல்லாருக்கும் அது கிடைப்பதில்லை. இதற்கு மறுபடி வருகிறேன்.

தோல்பாவைக்கூத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் ராமாயணத்தில் எங்கே வந்தார்கள் என்று வால்மீகியைக் கேட்டால் விழிப்பார். ராமர் பாட்டுக்குக் காட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார், இவர்கள் இருவரும் நடுவில் வந்து ஒருவனை ஒருவன் அடித்துக்கொள்வார்கள். ஆந்திரத்துத் தோல்பொம்மையில் ஜுட்டுபோலிகாடு. ஜாவாத் தீவின் பாவைக்கூத்தில் செமார். தொந்தியும் பின்பக்கமும் பெருத்த கிழட்டு வேலைக்காரன், பாண்டவர்களுக்குச் சேவகன். ஆனால் உண்மையில் அவன் தேவர்களுக்கெல்லாம் மூத்த தேவன் என்பது அந்த ஊர் நம்பிக்கை! இப்படிச் சேவகனாக நிற்கிறவனைச் சிரித்துவிட்டு, இவன்தான் பெரியவனோ என்று ஒரு சந்தேகத்தையும் கூடவே வைத்திருக்கிறார்கள்.

சர்க்கஸ் கோமாளியை நம் குழந்தைகளுக்குத் தெரியும். ஐரோப்பிய சர்க்கஸில் இரண்டு ஜாதி உண்டு. முகம் முழுக்க வெள்ளை பூசி, மினுக்கு உடை போட்டு, எல்லாம் தெரிந்தவன் போல அதிகாரம் செய்கிறவன் ஒருவன். சிவப்பு மூக்கு, தொளதொள சட்டை, அகலச் செருப்பு, சொன்னதைத் தப்பாகவே செய்கிற இன்னொருவன், அவனுக்கு "ஆகஸ்ட்" என்று பெயர். மூளையைக் கசக்க வேண்டாம், கவுண்டமணியும் செந்திலும்தான்! 1989-ல் வந்த கரகாட்டக்காரன் வாழைப்பழக் காட்சியை மனதில் ஓட்டிப் பாருங்கள். கணக்குக் கேட்கிறவர் ஒருவர், கணக்கையே குழப்புகிறவர் ஒருவர். கடைசியில் யாருக்குத் தலை சுற்றுகிறது? அதிகாரம் செய்தவருக்கு. அதனால்தான் அந்தக் காட்சி இன்னும் நிற்கிறது என்பேன். அதே ஜோடியின் வேறு படங்களில் செந்திலின் தலையை, நிறத்தை, உருவத்தை வைத்து வரும் பட்டப்பெயர்களுக்கு நாம் விழுந்து விழுந்து சிரித்ததும் உண்டு. அங்கே பாரம் எங்கே இறங்கியது என்று நாம் பார்க்கவில்லை. ஹாஸ்டலில் அந்தப் பட்டப்பெயர்களை அப்படியே எடுத்துக் கருப்பாக இருந்தவனுக்கெல்லாம் வைத்தோம்.

சர்க்கஸில் ஊஞ்சலிலிருந்து தவறி விழுகிற கோமாளி, பல நேரம் அந்தக் கூடாரத்திலேயே நல்ல ஊஞ்சல்காரர். விழத் தெரிய வேண்டுமானால் விழாமல் இருக்கத் தெரிய வேண்டும். அவர் தன் எலும்பை வைத்துச் சிரிக்க வைக்கிறார். நம் குலத்திலும் ஒருவர் உண்டு. கிரேசி மோகன் (1952–2019) கிண்டியில் மெக்கானிக்கல் படித்தவர், கல்லூரி மேடைக்கு எழுதித்தான் நாடகத்தில் நுழைந்தார். அவர் நகைச்சுவையில் பெரும்பாலும் அடிபடுவது வார்த்தைதான், ஆள் இல்லை. ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பது யாருடைய குற்றமும் இல்லையே!

இவ்வளவு நேரம் சுற்றி வளைத்துவிட்டேன். நம் ஹாஸ்டல் டே, மூன்றாம் ஆண்டு. பபூன் என்ற பெயர் எனக்கு நிலைத்த இரவு. சபையில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த ஐட்டம் நினைவிருக்கும். இந்த மலையிலிருந்து வந்து நம் செட்டில் படித்த ஒருவன் நடக்கிற நடையை, பேசுகிற பேச்சை, முதல் நாள் கம்ப்யூட்டர் லேபில் அவன் விழித்ததை, பத்து நிமிஷம் செய்து காட்டினேன். கைதட்டல் அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. முதல் பரிசாக ஒரு எவர்சில்வர் குடம் கொடுத்தார்கள், இன்னும் வீட்டில் இருக்கிறது. அவனும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்தான். அவன் சிரித்ததைப் பார்த்துத்தான் நான் இன்னும் இரண்டு நிமிஷம் கூட்டிச் செய்தேன். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் ராத்திரி ராத்திரியாகச் சொல்லிக் கொடுத்து என்னைப் பாஸ் பண்ண வைத்தவன் அவன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த மாதம் அவன் செமினார் எடுக்க எழுந்தான். பின் வரிசையிலிருந்து யாரோ என் ஐட்டத்தில் வந்த ஒரு சொல்லை மெதுவாகச் சொன்னார்கள். வகுப்பே சிரித்தது. நானும்தான். அவன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தான். அதற்கப்புறம் அவன் எந்த மேடையிலும் ஏறி நான் பார்க்கவில்லை. கேம்பஸ் இன்டர்வியூ வந்தபோது எழுத்துத் தேர்வில் நம் எல்லாரையும்விட மேலே இருந்தவன், குரூப் டிஸ்கஷனில் வாயே திறக்கவில்லை.

தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஒரு பகுதி. சிரிப்பு பிறக்கிற இடம் நான்கு என்று அதில் கணக்கு இருக்கிறது: பிள்ளைத்தனம், அறியாமை, சொன்னதை நம்புகிற வெள்ளை மனசு, பிறகு எள்ளல். இதற்கு உரை எழுதியவர்களில் ஒருவர் பேராசிரியர் (அது அவர் பெயர், நம் எச்.ஓ.டி. இல்லை). அந்த எள்ளலை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று, நாம் பிறரை எள்ளிச் சிரிப்பது. மற்றொன்று, பிறர் நம்மை எள்ளும்போது நாமே சிரிப்பது. இந்த இரண்டாவதைச் சில ஆண்டுகளுக்கு முன் படித்தபோது எனக்குச் சட்டென்று அந்த மூன்றாவது வரிசை கண் முன்னால் வந்தது. அவன் சிரித்தான், அதனால் அவனுக்கு வலிக்கவில்லை என்றுதான் அதுவரை எனக்கு நானே சமாதானம் சொல்லிவந்தேன்.

நேற்றே நான் வந்துவிட்டேன். சோளக்காட்டில் அவனைப் பார்த்தேன். மலை மேலேயே மிளகும் காப்பியும் வைத்திருக்கிறான், சின்னச் சின்ன ஒப்பந்த வேலைகளும் எடுத்துச் செய்கிறான். நாம் ஏறி வந்தோமே, அந்தப் பாதையோரத் தடுப்புச் சுவர்களில் இரண்டு அவன் கட்டியவை. போய்ப் பார்த்தேன். நீர் வடியக் குழாய் விட்டு, பின்னால் கல் அடுக்கி, சுத்தமான வேலை. மண்ணின் பாரத்தைவிட நீரின் பாரம்தான் சுவரைத் தள்ளும் என்று எனக்கு அந்தக் காலத்தில் நோட்டில் வரைந்து காட்டியவனும் அவன்தான்.

மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எப்பவோ நடந்தது, விடுடா" என்றான். பிறகு டீ குடித்துக்கொண்டே, "நீ செஞ்சது கூடப் பரவால்லடா. நானும் சேர்ந்து சிரிச்சேன் பாரு, அதுதான் இன்னும் ஆறல" என்றான். எனக்குப் பேச்சு வரவில்லை. நாளைக்கு மேடையில் இதைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். "சொல்லிக்கோ. பேரு வேண்டாம். அந்த நடையை மட்டும் மறுபடி நடந்து காட்டாத" என்றான்.

நான் நடந்து காட்டவில்லை. மத்தியானம் நீங்கள் சாப்பிட்ட பலாச்சுளை அவன் அனுப்பியது. ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கு "தோட்டத்துல வேலை" என்று சொல்லியிருக்கிறான், அப்படியே வைத்துக்கொள்வோம்.

செயலாளர் மணியைத் தூக்கிவிட்டார். அடுத்து நம் செட்டின் மிமிக்ரி. முன்வரிசையில் நம் பிரின்சிபால் ஐயா உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களை எவ்வளவு வேண்டுமானாலும் செய்யுங்கள், அவர்கள் துரியோதனன் மாதிரி, தாங்குவார்கள். (ஐயா சிரிக்கிறார்கள், அனுமதி கிடைத்துவிட்டது.) மெஸ்ஸில் பரிமாறிய பெரியவரைப் போலச் செய்வதாக ஒரு ஐட்டம் இருக்கிறதாமே, அதை எடுத்துவிட்டு அதே இடத்தில் என்னைச் செய்யுங்கள். வழுக்கை விழுந்திருக்கிறது, தொப்பை வந்திருக்கிறது, சரக்குக்குப் பஞ்சமில்லை. சாப்பாடு ஒன்பது மணிக்கு, வெளியே குளிர் இறங்கிவிட்டது, குழந்தைகளுக்கு ஸ்வெட்டர் போடுங்கள்.